சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டரை அப்படியே கிணற்றில் இறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் செய்திகளில் கிணற்றில் மூழ்கியவர்களும் கல்குவாரிக் குட்டையில் மூழ்கியவர்களும் இடம்பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். தடுப்புச்சுவர், எச்சரிக்கைப் பலகை, நீச்சல் பயிற்சி பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் பலர் எழுதியிருக்கிறார்கள். தேடுவதற்காக உள்ளே இறங்குகிறவர் மூச்சுவிட, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் என்ற கருவியைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஸ்கூபா கருவி (காற்று சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் மூச்சுவிட உதவுவது) வைத்திருக்கும் மீட்புக் குழுக்களும், அவற்றை வாங்கிக் கொடுக்கும், சர்வீஸ் பில்லுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

"இப்போதுதான் சர்வீஸ் ஆகி வந்தது, கவலையில்லை" என்று சொல்வதுதான் பெரிய ஆபத்து. ரெகுலேட்டர் தகராறு செய்யும் காலங்களில் முக்கியமானது, அது சர்வீஸ் முடிந்து வந்த முதல் சில நாட்கள். பழைய பாகங்கள் தேய்ந்திருந்தாலும் ஒன்றோடொன்று பழகிப்போனவை. புதிதாகப் போட்டவை இனிமேல்தான் படிய வேண்டும். மாட்டும்போது கீறல் விழுந்த ஓ-ரிங்கும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), கண்ணுக்குத் தெரியாத தூசி உட்கார்ந்த சீட்டும் (காற்று வரும் வழியை மூடும் மென்மையான அடைப்பு) பட்டறை மேசையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அறுபது அடி ஆழத்தில் வேலையைக் காட்டும்.

ரெகுலேட்டரை நம் வீட்டு மாடித் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் கூடுதல் என்ற அளவுக்குக் குறைக்கிறது. பி.எஸ்.ஐ. கணக்கில் ஏறக்குறைய 130 முதல் 145. இதை இடை அழுத்தம் என்போம். வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. தொட்டியில் மிதவை வால்வு செய்யும் வேலையை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் செய்கிறது. அளவு வந்ததும் அது இறுக்கமாக மூட வேண்டும். மிதவை வால்வு சொட்டு சொட்டாக ஒழுகினால் என்ன ஆகும்? மட்டம் மெல்ல ஏறி, கடைசியில் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கொட்டும். ரெகுலேட்டரில் அந்த ஓவர்ஃப்ளோ குழாய் செகண்ட் ஸ்டேஜ்தான். அதனால்தான் வாய்ப்பக்கம் காற்று சீறும்போது எல்லோரும் செகண்ட் ஸ்டேஜைக் கழற்றத் தொடங்குகிறார்கள். குற்றம் பல நேரம் மேலே, ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருக்கிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கருவி: இடை அழுத்த கேஜ். 0 முதல் 20 பார் வரை காட்டும் சிறிய கேஜ், மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் ஜாக்கெட்டுக்குக் காற்று ஊட்டும் ஹோஸின் முனையில் பொருந்துவதாக இருக்க வேண்டும். ஒரு முழு ரெகுலேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம். இது இல்லாமல் ஸ்கூபா வைத்திருப்பது, டயர் கேஜ் இல்லாமல் லாரி ஓட்டுவதைவிட மோசம்.

பார்க்கும் முறை இது. சிலிண்டர் 200 பார் நிறைந்திருக்க வேண்டும். கேஜை ஹோஸில் மாட்டிவிட்டு, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். முள் 13 பாரைத் தாண்டி ஓடினால் உடனே வால்வை மூடி, செகண்ட் ஸ்டேஜின் முன்பக்கத்தில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடவே இல்லை என்று பொருள். சரியான ரெகுலேட்டரில் முள் 9.5 பாரோ, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவோ வந்து, ஆணி அடித்தாற்போல நிற்கும். இப்போது பர்ஜை ஐம்பது அறுபது முறை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முள் கொஞ்சம் இறங்கி, உடனே அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். 0.3 பார் அளவுக்கு ஏறி நின்றுவிட்டால் புது சீட் படிகிறது என்று விடலாம். 9.5, 9.8, 10.2, 10.6 என்று நிற்காமல் ஏறினால் சீட் ஒழுகுகிறது.

இந்த மெல்லிய ஏற்றம் வாயில் வைத்து மூச்சிழுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு மூச்சும் அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். கரையில் வைத்துவிட்டுக் கயிறு கட்டும் பத்து நிமிடத்தில்தான் அது ஏறி, யாரும் தொடாமலே சீறத் தொடங்கும். "மூச்சிழுத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது" என்பது சோதனையே அல்ல.

ஏன் ஏறுகிறது? சீட்டுக்கும் அது அமரும் கூர்விளிம்புக்கும் நடுவே தூசி சிக்கியிருக்கலாம். பழைய சீட்டைக் கம்பியால் குத்தி எடுத்தபோது விளிம்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை புது சீட் போட்டாலும் நிற்காது, அந்த விளிம்பு உள்ள பாகத்தையே மாற்ற வேண்டும். வளையும் தகடு ஒன்று வால்வை இயக்கும் டயஃப்ரம் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், சீட்டின் தண்டைச் சுற்றியுள்ள சின்ன ஓ-ரிங் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். சில மாடல்களில் சீட்டைத் தலைகீழாகப் போட முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு பிழை, கெட்ட பாகம் எதுவும் இல்லாமலே நடப்பது. உள்ளே பிஸ்டன் நகர்ந்து வால்வை மூடும், சிலிண்டர் அழுத்தத்தின் தாக்கம் சமன் செய்யப்படாத சாதாரண பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இடை அழுத்தம் கூடும், சிலிண்டர் காலியாகக் காலியாகக் குறையும். பட்டறையில் பாதி தீர்ந்த சிலிண்டரை வைத்து 9.5 என்று அமைத்து அனுப்பினால், இங்கே நிறைந்த சிலிண்டரில் மாட்டியதும் அளவு மீறி வாய்ப்பக்கம் ஒழுகும். எந்தப் பாகத்தின் மேலும் பழி சொல்ல முடியாத கோளாறு இது. அதனால் 200 பாரில் ஒருமுறை, 50 பாரில் ஒருமுறை என இரண்டு அளவும் எடுக்க வேண்டும். சமன் செய்யப்பட்ட வகையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவை பெரிதாக விலகினால் உள்ளே ஏதோ ஒன்று சரியில்லை.

கேஜ் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் ஒரு வாய்ப்பக்கம் மட்டும் ஒழுகுகிறது என்றால் அப்போதுதான் செகண்ட் ஸ்டேஜைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் முன்மூடியையும், அதன் பின்னால் இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் தகட்டையும் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் ஒழுகல் நின்றால் உள்ளே இருக்கும் லீவர் உயரமாக அமைந்திருக்கிறது. மூடியை இறுக்கும்போது டயஃப்ரம் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கழற்றிய பிறகும் ஒழுகினால் சீட்டும் காற்று வரும் வாயும் சரியாகச் சேரவில்லை. புது சீட்டில் உலோக விளிம்பு நாளாக ஆக ஒரு வட்டத் தடம் பதிக்கும். தடம் ஆழமாக ஆக அழுத்திப் பிடிக்கும் பலம் குறையும். சர்வீஸ் ஆன அன்று சரியாக இருந்தது ஒரு வாரம் கழித்து ஒழுகுவது இதனால்தான். காற்றுவாயை அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, உள்ளே திருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். திருகும்போது பர்ஜை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் திருகினால் கூர்விளிம்பு சீட்டை வட்டமாக அறுத்துவிடும், புது சீட் அங்கேயே குப்பை. பட்டறைக்காரர்களே அவசரத்தில் மறக்கும் சங்கதி இது.

ஒழுகலுக்குப் பயந்து அளவுக்கு மீறித் திருகிவிட்டால் எதிர்க் கோளாறு வரும்: லீவர் தாழ்ந்து, மூச்சிழுக்கக் கடினமாகிவிடும். காதருகே வைத்து ஆட்டினால் லீவர் தளர்ந்து லொடலொடக்கும் சத்தம் கேட்கும். கரையில் லேசாகத் தெரியும் இந்தக் கடினம், ஆழத்தில் பதற்றத்தோடு சேரும்போது மனிதரை மூச்சுத் திணற வைக்கும். ஒழுகும் ரெகுலேட்டர் காற்றை வீணாக்கும், இறுகிய ரெகுலேட்டர் ஆளை மிரள வைக்கும். இரண்டில் பின்னதுக்கே நாங்கள் அதிகம் பயப்படுவோம், ஏனென்றால் அது சத்தம் போடாது.

எவ்வளவு இழுத்தால் திறக்கிறது என்று அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பேசின் தண்ணீர் போதும். காற்றைத் திறந்துவைத்து, செகண்ட் ஸ்டேஜின் முன்மூடி கீழே, வாயில் கடிக்கும் மவுத்பீஸ் மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். மவுத்பீஸுக்குள் தண்ணீர் போகக் கூடாது. 'உஸ்' என்று தொடங்கும் கணத்தில், டயஃப்ரம் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் அதுவே கணக்கு. 25 முதல் 38 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல அமைப்பு. மாற்று மூச்சுக்கான ஆக்டோபஸை இதைவிடச் சற்று இறுக்கமாக, 45 மில்லிமீட்டர் சுமாருக்கு வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் கிணற்றுச் சுவரில் தட்டியதும் கொட்டத் தொடங்கும். தண்ணீரில் மவுத்பீஸ் மேல்நோக்கி விழுந்த ரெகுலேட்டர் திடீரென்று கொட்டுவது கோளாறல்ல, அதன் இயல்பு. திருப்பி மவுத்பீஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் நிற்கும். வெளியே பக்கவாட்டில், காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன லீவர் இருக்கும் மாடலில், இறங்கும்வரை அதைக் குறைந்த பக்கம் வைத்திருங்கள்.

அடுத்தது, வாய்க்குள் தண்ணீர் வரும் ரெகுலேட்டர். மூச்சு வெளியேறும் ரப்பர் வால்வு நம் மோட்டார் கிணற்றின் ஃபுட் வால்வு மாதிரி ஒருவழிக் கதவு. ஃபுட் வால்வில் ஒரு சரளைக்கல் சிக்கினால் பைப்பில் தண்ணீர் நிற்காது என்று நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதிலும் ஒரு மணல் துகள், ஒரு முடி, மடிந்துபோன ஓரம் போதும். சோதனை எளிது: காற்று இல்லாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைப் போட்டுவிட்டு, மவுத்பீஸில் மென்மையாக இழுத்துப் பாருங்கள். துளிக் காற்றும் வரக் கூடாது. வந்தால் வெளியேற்று வால்வு, டயஃப்ரத்தின் ஓரம், பல் கடிக்கும் இடத்தில் கிழிந்த மவுத்பீஸ் என்ற வரிசையில் பாருங்கள். தூசி மூடி போடாமல் இழுத்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியாகவே காற்று வந்து ஏமாற்றும். சர்வீஸுக்குப் பின் இந்தக் கோளாறு வந்தால், அவசரத்தில் மூடி வளையத்தைக் கோணலாகத் திருகி டயஃப்ரத்தை மடக்கியிருப்பார்கள்.

வெளிக்கசிவுக்குப் பஞ்சர் கடை முறையே போதும். காற்றைத் திறந்துவைத்து முழுவதையும் பேசினில் முக்குங்கள். ஹோஸ் மூட்டில் குமிழி வந்தால் ஓ-ரிங். பிஸ்டன் வகையின் பக்கத் துளைகளிலிருந்து வந்தால் உள்ளே பிஸ்டனின் தலையிலோ தண்டிலோ உள்ள ஓ-ரிங், பிரிக்காமல் தீராது. ஹோஸின் நீளத்தில் ரப்பர் தோல்வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி வந்தால் உள்குழாய் போய்விட்டது. ஹோஸை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள். அழுத்தம் காட்டும் கேஜ் சுழலும் இடத்தில் கசிந்தால், உள்ளே இருக்கும் பொடி ஓ-ரிங் இரண்டில் ஒன்று. கசிவைக் கண்டதும் ஸ்பானரால் மேலும் முறுக்குவது நம் ஊர் வழக்கம். பித்தளை மரை அதற்குத் தாங்காது. ஹோஸ் மூட்டுக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் போதும், கிட்டத்தட்ட விரல் இறுக்கத்துக்கு மேல் ஒரு சிறு அழுத்தம். காற்றை அடைப்பது ஓ-ரிங், மரை அல்ல.

ஓ-ரிங் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் கடையில் அளவு ஒத்துவருகிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். சிலிண்டர் வால்வின் முகத்தில் 200 பாரைத் தாங்க வேண்டிய ஓ-ரிங் 90 கடினத்தன்மை உள்ளது. பம்புக்குப் போடுவது பெரும்பாலும் 70. மென்மையானது அழுத்தத்தில் பிதுங்கி வெடித்துவிடும். கிரீஸும் அப்படித்தான்: சிலிகான் கிரீஸ், விரலில் மினுமினுப்புத் தெரியும் அளவு. அள்ளிப் பூசினால் மணலை அழைத்து வைத்த மாதிரி. சிலிகான் ரப்பரால் ஆன டயஃப்ரத்திலும் வெளியேற்று வால்விலும் அதையும் தடவக் கூடாது, ஊதிப்போகும். வண்டி கிரீஸ் எதிலும் கூடாது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் தெரியும் சின்ன உலோக வடிகட்டியைப் பார்த்தே பாதி ஜாதகம் சொல்லலாம். பச்சையாக இருந்தால் உள்ளே தண்ணீர் போய் அரித்திருக்கிறது. செம்பழுப்புத் தூள் என்றால் இரும்புச் சிலிண்டரின் உள்துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசரின் எண்ணெயோ கரியோ. ரெகுலேட்டரைவிட அந்தக் காற்றைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். மூச்சிழுக்கும்போது சிலிண்டர் கேஜின் முள் ஒவ்வொரு முறையும் துள்ளி இறங்கினால் வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது சிலிண்டர் வால்வை யாரோ அரைகுறையாகத் திறந்திருக்கிறார்கள். இரண்டாவதே அதிகம்.

நம் பகுதிக்கென்று இரண்டு சங்கதி உண்டு. கடலோரத்தில் ரெகுலேட்டரைக் கெடுப்பது உப்பு. இங்கே உப்பை நினைத்து நிம்மதி அடைகிறார்கள், ஆனால் நம் போர் தண்ணீரின் கடினத்தை மறந்துவிடுகிறார்கள். குக்கரின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் பிஸ்டன் அறையிலும் லீவர் மூட்டிலும் படியும். சர்வீஸின்போது உலோக பாகங்களை மட்டும், வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சமமாகக் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போகும். அதிக நேரம் விட்டால் குரோம் பூச்சு உரியும். ஒவ்வொரு முறை ஏறியதும் கிணற்றுச் சேற்றை அலசும்போது, காற்றைத் திறந்துவைத்தே அலசுங்கள். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் நல்லது. காற்று இல்லாதபோது பர்ஜை அழுத்தினால் சேற்றுத் தண்ணீர் ஹோஸுக்குள் இறங்கும்.

இரண்டாவது வெயில். சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய ஜீப்பில் ரெகுலேட்டரைக் கிடத்துவது ரப்பரை வேகவைப்பது. 30 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர், 60 டிகிரியில் ஏறக்குறைய 220 பார் காட்டும். காலையில் சரியாக இருந்த சாதாரண பிஸ்டன் வகை மதியம் லேசாக ஒழுகுவதற்கு இதுவே போதும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், கிணறு குளம் மாதிரி அல்ல. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஆள் அங்கே 60 லிட்டர் செலவழிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில், 50 பாரை இருப்பாக விட்டால், 1,800 லிட்டர். அரை மணி நேரம். பதற்றத்தில் மூச்சு இரட்டித்தால் கால் மணி. ரெகுலேட்டர் கொட்டத் தொடங்கினால் சில நிமிடம்தான். அப்போது மவுத்பீஸை இறுக்கிக் கடிக்காமல், உதட்டைத் தளர்த்தி, மிகுந்த காற்றை ஓரத்தில் வெளியேற விட்டு, தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மூச்சை அடக்காமல் கயிற்றோடு மேலேற வேண்டும். நீர்மட்டத்துக்கு வந்ததும் வாயிலிருந்து எடுத்துவிடவும் முடியாது. ஆழக் கிணறுகளில் நீருக்கு மேலே நிற்கும் காற்றும் பிராணவாயு குறைந்ததாக இருக்கலாம். மேலே டீசல் எஞ்சின் ஓடினால் இன்னும் மோசம். ஆள் கரையேறும்வரை ரெகுலேட்டர் வேலை செய்தாக வேண்டும்.

ஆகவே, பில்லுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். "சர்வீஸ் செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி ரசீதை ஏற்காதீர்கள். நிறைந்த சிலிண்டரிலும் 50 பாரிலும் இடை அழுத்தம் எவ்வளவு, ஒரு இரவு அழுத்தத்தில் வைத்தபின் எவ்வளவு, ஒவ்வொரு செகண்ட் ஸ்டேஜும் எத்தனை மில்லிமீட்டரில் திறக்கிறது என்று எண்களாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய சீட்டையே கழுவிப் போட்டார்களா என்பது அப்போது தெரிந்துவிடும். கருவி வந்து சேர்ந்ததும் அதே எண்களைக் குழுவே தன் கேஜில் எடுத்துப் பக்கத்தில் எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாத ரெகுலேட்டர் பெட்டியைவிட்டு வெளியே வரக் கூடாது.

அனுப்பும் மாதமும் முக்கியம். கோடை தொடங்கியபின் அவசரமாக அனுப்பி, வந்த அன்றே கிணற்றில் இறக்குகிறார்கள். பொங்கல் முடிந்ததும் அனுப்பினால் மாசிக்குள் திரும்பிவிடும். பிறகு இரண்டு மூன்று வாரம், ஆள் நின்றால் தலை தெரியும் ஆழத்தில் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். சீட்டுகள் படிந்து, வர வேண்டிய ஒழுகல் எல்லாம் அங்கேயே வந்துவிடும். அரைக்கால் சுற்றுத் திருகி, மறுபடி அளந்து, பங்குனிக்கு முன் பெட்டியில் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
முக்குளிப்புக் கருவிகளைப் பராமரிப்போர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.